டெஃப்லானா, பாலித்தீனா: டிடெக்டர் கேபிளுக்கு எந்த இன்சுலேஷன்?

இங்கே சிங்கப்பூரில் இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 0.3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சிலிக்கான் டையோடை டிடெக்டராக ஒளி புகாத பெட்டிக்குள் வைத்து, அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் தரும் 59.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரைப் பார்க்கப் போகிறாராம். டையோடின் சின்ன சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் ப்ரீஆம்ப் இரண்டு மீட்டர் தள்ளி மேசைமேல் இருக்கிறது. "நடுவில் போகும் கேபிளுக்கு எந்த இன்சுலேஷன் நல்லது? டெஃப்லான் சிறந்தது என்கிறார்கள், ஆனால் விலை மூன்று மடங்கு. கேப்டான் வயர் வாங்கலாமா? இல்லை, கையில் இருக்கிற சாதாரண பிவிசி வயரே போதுமா?" இதுதான் கேள்வி.

முதலில் நேரான பதில். டெஃப்லானுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கட்டும் தம்பி. ப்ரீஆம்பைத் தூக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். இடம் இருந்தால் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இரண்டு மீட்டர் கேபிளைப் பத்து சென்டிமீட்டராகக் குறையுங்கள். அப்புறம் இன்சுலேஷன் பற்றிப் பேசுவோம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், வீட்டு வயரிங்கில் இன்சுலேஷனுக்கு ஒரே வேலைதான்: தொட்டால் ஷாக் அடிக்கக் கூடாது. டிடெக்டர் கேபிளில் இன்சுலேஷன் சர்க்கியூட்டின் ஓர் உறுப்பாகவே இருந்து வேலை செய்கிறது. நடுக்கம்பி ஒரு தகடு, சுற்றியுள்ள உலோகப் பின்னல் இன்னொரு தகடு, இடையில் இருக்கும் பிளாஸ்டிக்தான் கெப்பாசிட்டரின் வயிறு. 50 ஓம் கேபிளில் திடப் பாலித்தீன் இருந்தால் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் திறன், மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் வரும். அதே 50 ஓமில் டெஃப்லான் போட்டால் 95. அவ்வளவுதான் வித்தியாசம். பாலித்தீனின் மின்கடத்தா மாறிலி (கெப்பாசிட்டன்ஸை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) 2.3, டெஃப்லானுடையது 2.1, இந்தச் சின்ன இடைவெளிக்குத்தான் மூன்று மடங்கு விலை கொடுக்கப் போகிறீர்கள்.

இப்போது உங்கள் டையோடைப் பாருங்கள். பயஸ் என்ற மின்னழுத்தம் கொடுத்து, உள்ளே நகரும் மின்னூட்டங்களை முழுக்கக் காலியாக்கிய நிலையில் அதன் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 35 பிக்கோஃபாரட். அதன் வாசலில் 200 பிக்கோஃபாரட் கேபிளைக் கட்டுகிறீர்கள். 59.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் முழுவதும் சிலிக்கானில் விழுந்தால், ஓர் எலக்ட்ரான்-துளை ஜோடிக்கு 3.6 எலக்ட்ரான்வோல்ட் என்ற கணக்கில் ஏறத்தாழ 16,500 எலக்ட்ரான்கள் கிடைக்கும். அதாவது 2.6 ஃபெம்டோகூலம். மின்னூட்டத்தை அளக்கும் ப்ரீஆம்பில், வாசலில் எவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் இருந்தாலும் சிக்னலின் உயரம் பெரிதாக மாறாது. ஏறுவது இரைச்சல். சாதாரணமாகக் கிடைக்கும் ப்ரீஆம்புகளில் ஒவ்வொரு பிக்கோஃபாரடுக்கும் 10 முதல் 30 எலக்ட்ரான்வோல்ட் வரை, ஸ்பெக்ட்ரத்தில் தெரியும் கோட்டின் அகலம் கூடும். 200 பிக்கோஃபாரட் என்றால் 2 முதல் 6 கிலோ எலக்ட்ரான்வோல்ட். உங்கள் 59.5 கோடு மெலிந்து நிற்காமல் மேடு தட்டிப் போவதற்கு இதுவே போதும். டெஃப்லான் வாங்கினால் இந்த இரண்டு மீட்டரில் பத்து, பன்னிரண்டு பிக்கோஃபாரட் மிச்சமாகும். கேபிளைப் பத்து சென்டிமீட்டராக வெட்டினால் 190 மிச்சமாகும். கணக்கு இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது.

ஏதோ காரணத்தால் ப்ரீஆம்பை நகர்த்தவே முடியாது என்றால், அப்போதும் முதலில் மாற்ற வேண்டியது பிளாஸ்டிக்கின் பெயரை இல்லை, கேபிளின் அமைப்பை. ஆர்ஜி-62 என்று 93 ஓம் கேபிள் ஒன்று இருக்கிறது. அதில் நடுக்கம்பியைச் சுற்றி ஒரு பாலித்தீன் இழை சுருளாக ஓடும், மீதி இடம் காற்று. மீட்டருக்கு 44 பிக்கோஃபாரட்தான். காற்றைவிட நல்ல இன்சுலேஷன் கிடையாது, அதுவும் இலவசம். நுரைப் பாலித்தீன் கேபிளும் இதே தத்துவம்தான்: பிளாஸ்டிக்குக்குள் காற்றுக் குமிழ்களை அடைத்து மாறிலியை 1.5 பக்கம் இறக்கிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பிரச்சினை பிறந்ததே நம் வாசலில்தான். 1840-களில் சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மான்ட்கோமரி என்ற டாக்டர், இங்குள்ளவர்கள் பராங் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்திய கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலைக் கவனித்து லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல் தண்ணீரில் கெடாது. அது மின்சாரத்தைத் தடுக்கும் என்று 1848-இல் இயற்பியலாளர் மைக்கேல் ஃபாரடே எழுதினார். அதற்குப் பிறகு கடலடித் தந்திக் கம்பிகளுக்கெல்லாம் அதுவே உறை. அந்தப் பாலைச் சேர்த்து உலகுக்கு அனுப்பிய துறைமுகம் சிங்கப்பூர். 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக இங்கே வந்து சேர்ந்த தந்திக் கம்பிக்கும் கட்டாபெர்ச்சாதான் சட்டை. நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் முதல் செய்தி ஓடியது இந்த மண்டலத்து மரப்பாலுக்குள்தான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

அந்தக் காலத்துத் தந்திக்காரர்கள் முட்டிக்கொண்ட சுவரும் நீங்கள் இப்போது முட்டிக்கொள்ளும் சுவரும் ஒன்றே. நீண்ட கடலடிக் கம்பியில் ஒரு முனையில் தட்டிய புள்ளியும் கோடும் மறு முனையில் குழைந்து, தேங்கி வந்தன. உறை ஒழுகவில்லை, கம்பி அறுபடவில்லை. ஃபாரடே 1854-இல் காரணம் சொன்னார்: கம்பி, கட்டாபெர்ச்சா, வெளியே கடல் தண்ணீர், மூன்றும் சேர்ந்து ஒரு பெரிய கெப்பாசிட்டர், முதலில் அது நிரம்பினால்தான் செய்தி போகும். நன்றாகத் தடுக்கும் உறைகூடச் சிக்னலைத் தின்னும் என்ற பாடம் அன்றே வந்துவிட்டது.

சரி, உங்கள் பெட்டிக்குத் திரும்புவோம். கெப்பாசிட்டன்ஸுக்கு அடுத்தது கசிவு. பெரும்பாலான சிலிக்கான் ப்ரீஆம்புகளில் பயஸ் மின்னழுத்தமும் சிக்னலும் ஒரே கேபிளில்தான் போய் வரும். அந்தக் கேபிளின் இன்சுலேஷன் வழியாகக் கசியும் மின்னோட்டம், டையோடின் சொந்தக் கசிவோடு சேர்ந்து இரைச்சலாக மாறும். 50 வோல்ட் பயஸ் என்று வைத்துக்கொள்வோம். இன்சுலேஷனின் தடை ஒரு கிகா ஓம் என்றால் கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் 50 நானோ ஆம்பியர் கசியும். நல்ல டையோடு சில நானோ ஆம்பியர்தான் கசியும். ஆயிரம் கிகா ஓம் இருந்தால் கசிவு 50 பிக்கோ ஆம்பியர். அதைப் பற்றிக் கவலை இல்லை. பாலித்தீனும் டெஃப்லானும் இந்த எல்லையை அலட்டாமல் தாண்டும். பிவிசி தாண்டுமா என்பது அன்றைய வெயிலையும் ஈரத்தையும் பொறுத்தது.

பிவிசிக்கு இன்னொரு குறை, பேசப்படாத குறை. அதை வளையும்படி செய்யப் பிளாஸ்டிசைசர் எண்ணெய் கலக்கிறார்கள். அதனால் அதன் மின்கடத்தா இழப்பு பாலித்தீனைவிட 100 மடங்குக்கு மேல். இழப்பு உள்ள பொருள் எதுவும் வெப்ப இரைச்சலைத் தானே உண்டாக்கும். ப்ரீஆம்பின் வாசலில் அப்படிப்பட்ட பொருளை வைக்கக் கூடாது. வெளி ஜாக்கெட்டாகப் பிவிசி இருக்கலாம், பின்னலுக்கு வெளியே என்ன இருந்தாலும் சிக்னலுக்குத் தெரியாது. பின்னலுக்கு உள்ளே வேண்டாம். சிம் லிம் டவரில் சுருள் சுருளாகத் தொங்கும் வண்ண வயர்கள் பவர் சப்ளைக்கும் எல்இடிக்கும் நல்லவை. அவற்றை டையோடின் காலில் சால்டர் செய்யாதீர்கள்.

ஈரம் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு திங்கட்கிழமை ஞாபகம் வரும். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு லேபில், வார இறுதியில் ஏர்கான் நிறுத்திவிடுவார்கள். இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் இன்னும் ஏறும். திங்கட்கிழமை காலையில் டிடெக்டரைப் போட்டால் கசிவு மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு நிற்கும். மதியத்துக்குள் தானே இறங்கும். செவ்வாய்க்கிழமை ஒன்றும் இருக்காது. டிடெக்டர் கெட்டுவிட்டது என்று ஒரு பக்கம், கேபிள் கெட்டுவிட்டது என்று ஒரு பக்கம், இரண்டு மாதம் இழுத்தது. கேபிளை மாற்றினோம், பலன் இல்லை. கடைசியில் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். உள்ளே கம்பியைத் தாங்கிப் பிடிக்க யாரோ ஒரு சின்ன நைலான் தூண் வைத்திருந்தார்கள், மஞ்சள் பாரித்துப்போன, அரிசி மணி மூன்றைச் சேர்த்து வைத்த அளவு. நைலான் தண்ணீரைக் குடிக்கும். ஊறினால் தன் எடையில் 8, 9 சதவீதம்வரை குடிக்கும். அந்தத் தூண் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஈரத்தைக் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. டெஃப்லான் தூண் ஒன்றை வைத்தேன், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சுற்றுவட்டாரத்தைத் துடைத்தேன், அன்றோடு சரி.

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு மீட்டர் கேபிளின் பெயரைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியைக் கேபிளின் இரண்டு முனைகளுக்கும் கொடுங்கள். கனெக்டருக்குள் இருக்கும் வெள்ளை வளையம், டையோடு உட்கார்ந்திருக்கும் போர்டு, சால்டர் செய்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை), அதன்மேல் பதிந்த விரல் ரேகை, கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஓடும். டெஃப்லான் தன் பணத்துக்கு உண்மையாக வேலை செய்யும் இடமும் இதுவே. தண்ணீரை ஏறக்குறைய எடுத்துக்கொள்ளவே செய்யாது, சால்டரிங் சூட்டிலும் உருகி ஓடாது. பாலித்தீன் 110 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். சால்டர் முனையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் நடுக்கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கை பழகாதவர்களுக்குப் பத்து சென்டிமீட்டர் மெல்லிய டெஃப்லான் கேபிள், ஆர்ஜி-316 போல ஒன்று, வாங்கித் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு மீட்டருக்கு வாங்குவதில்தான் ஆட்சேபணை. ஒன்று மட்டும் கவனம்: டெஃப்லானைக் கூரான பிளேடால் உரியுங்கள். சூடான ஸ்ட்ரிப்பர் வைத்தால் வரும் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

டெஃப்லானின் மூன்று குணங்களை விற்பவர் சொல்ல மாட்டார். முதலாவது, தேய்ந்தால் மின்னூட்டம் பிடிக்கும். கேபிள் அசையும்போது உள்ளே பின்னல் டெஃப்லானில் உரசி, மின்னூட்டம் பிரியும். உங்கள் சிக்னலே 2.6 ஃபெம்டோகூலம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு சின்ன உரசல் அதைவிடப் பெரிய துடிப்பைக் கொடுக்கும். இதை நீங்களே பார்க்கலாம். ப்ரீஆம்பின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் போட்டு, திரையில் பட்டையாக ஓடும் இரைச்சலைப் பார்த்துக்கொண்டே, கேபிளை நகத்தால் ஒரு தட்டு தட்டுங்கள். பட்டை மேலே எகிறி, ஆடி அடங்கும். வாக்குவம் பம்ப் பக்கத்தில் ஓடினால் தட்டவே வேண்டாம், அதுவே தாளம் போடும். கூரையில் இருக்கும் ஏர்கான் காற்று கேபிளில் நேராக அடித்தால்கூடத் தெரியும். இதற்கென்றே இரைச்சல் குறைந்த கேபிள் விற்கிறார்கள். இன்சுலேஷனுக்கும் பின்னலுக்கும் இடையே கிராஃபைட் பூச்சு இருக்கும், பிரியும் மின்னூட்டம் அந்த இடத்திலேயே சமனாகிவிடும். உரித்துப் பார்த்தால் விரல் கறுப்பாகும், பென்சில் சீவியது மாதிரி. பாலித்தீன் கேபிளும் உரசினால் இரைச்சல் போடும்தான், ஆனால் நான் தட்டிப் பார்த்த அளவில் டெஃப்லான்தான் அதிகம் குதிக்கிறது.

இரண்டாவது, அழுத்தினால் மெல்ல நகரும். கேபிள் டையை இறுக்கிக் கட்டி, கூர்மையாக மடக்கி வைத்தால், மாதக் கணக்கில் நடுக்கம்பி டெஃப்லானைத் துளைத்துக்கொண்டு பின்னல் பக்கம் போகும். தளர்வாகக் கட்டுங்கள். மூன்றாவது, 19 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் அதன் படிக அமைப்பு மாறும், அதோடு கேபிளின் தாமத நேரமும் மாறும். இங்கே சில லேப்களில் ஏர்கானை 19, 20-இல் வைப்பதுண்டு. அப்படி வைத்தால் சரியாக அந்த மாற்றத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறோம். ஆற்றலை அளக்கும் உங்களுக்கு இது பொருட்டில்லை. பிக்கோ விநாடி அளவில் நேரம் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேப்டானுக்கு வருவோம். கேப்டான் என்பது பாலிஇமைடு. மாறிலி 3.4 அளவில் இருப்பதால் கெப்பாசிட்டன்ஸ் கூடும். ஈரத்தையும் எடுத்துக்கொள்ளும், நன்றாக நனைந்த காற்றில் 3 சதவீதம் பக்கம். உங்கள் வேலைக்கு அதில் லாபம் இல்லை. கேப்டான் ஜெயிக்கும் இடங்கள் இரண்டு: வாக்குவம், கதிர்வீச்சு.

வாக்குவமில் பிளாஸ்டிக் விடும் வாயுதான் பிரச்சினை. பிவிசியின் பிளாஸ்டிசைசர் ஆவியாகி, குளிர்ந்த டிடெக்டர் முகத்தில் படலமாக உட்காரும். விண்வெளிக் கருவிகளுக்கு ஏஎஸ்டிஎம் ஈ595 என்ற சோதனை வைத்து, மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள் என்று தேர்வு செய்கிறார்கள். கேப்டான், டெஃப்லான், பீக் என்ற இன்னொரு பிளாஸ்டிக், மூன்றும் சரிவரும். பிவிசி உள்ளே நுழையவே கூடாது.

கதிர்வீச்சில் கதை தலைகீழ். வேதிப்பொருள் எதற்கும் அசையாத டெஃப்லான், கதிர்வீச்சில் மற்ற எல்லாரையும்விட முதலில் விழும். சில ஆயிரம் கிரே (ஒரு பொருள் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பட்டாலே காற்றில் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, மடக்கினால் பொடியாகும். வெளிவரும் ஃபுளோரின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பாலித்தீன் லட்சம் கிரே வரை தாங்கும். கேப்டானும் பீக்கும் ஒரு கோடி கிரே தாண்டியும் நிற்கும். இந்த அளவுகளை நாமாக ஊகிக்க வேண்டியதில்லை, ஜெனீவாவில் உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம் 1979-இலேயே கேபிள் இன்சுலேஷன்களைக் கதிரில் வைத்துச் சோதித்துத் தொகுப்பாக வெளியிட்டது. அங்கே சுரங்கத்தில் போகும் கேபிள்களுக்கு ஹாலஜன் (குளோரின், ஃபுளோரின் போன்றவை) இல்லாத உறைதான் வேண்டும் என்று விதியும் உண்டு. தீப்பிடித்தால் பிவிசியிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், ஆட்களுக்கும் ஆபத்து, கருவிகளும் நாசம்.

உங்கள் அமெரிசியம் இதில் எதையும் செய்யாது. நாலைந்து கிரேயிலேயே மனித உயிர் போகும் என்பதை வைத்துப் பார்த்தால், மனிதர் பக்கத்தில் நின்று வேலை செய்யும் எந்த மேசையிலும் இன்சுலேஷன் கதிரால் கெடாது. நாளைக்கு நீங்கள் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிங்க்ரோட்ரான் பக்கமோ, புரோட்டான் சிகிச்சைக் கூடத்துக்கோ வேலைக்குப் போய், கற்றை பாயும் இடத்துக்குப் பக்கத்தில் கேபிள் இழுக்கும்படி ஆனால், அப்போது டெஃப்லானை ஒதுக்கிவிட்டுப் பாலித்தீன், பீக், கேப்டான் என்று அளவுக்கு ஏற்றபடி யோசியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ப்ரீஆம்பைப் பெட்டிக்குள் மாட்டுங்கள். டையோடிலிருந்து அதற்குப் பத்து சென்டிமீட்டர் ஆர்ஜி-174 போதும், உள்ளே பாலித்தீன், வெளியே பிவிசி ஜாக்கெட். சால்டர் செய்து ஃப்ளக்ஸைத் துடைத்த பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். வாரம் ஒருமுறை அதை ஓவனில் காயவையுங்கள். கேபிளைப் பெட்டிச் சுவரில் டேப்பால் தளர்வாக ஒட்டிவிட்டு, நகத்தால் தட்டிப் பாருங்கள். பட்டை குதித்தால் இன்னொரு இடத்தில் ஒட்டுங்கள்.

அந்த இரண்டு மீட்டர் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ப்ரீஆம்பிலிருந்து மேசைமேல் இருக்கும், துடிப்புக்கு வடிவம் கொடுக்கும் ஷேப்பிங் ஆம்ப் வரை போக அது வேண்டும். அங்கே சிக்னல் மில்லிவோல்ட் கணக்கில் பெருகி, குறைந்த தடையிலிருந்து புறப்பட்டு வருவதால், 200 பிக்கோஃபாரடும் ஈரமும் அதை ஒன்றும் செய்யாது. ப்ரீஆம்பின் வெளியீடு 50 ஓம் என்றால் ஆர்ஜி-58, 93 ஓம் என்றால் ஆர்ஜி-62. இரண்டுமே சாதாரணப் பாலித்தீன்தான்.